மேயரய்யாவின் ஏற்புரை

அந்த நகரத்தில் மேயரய்யா வீடு எது என்று யாரைக் கேட்டாலும், மோட்டார் காயில் கட்டும் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு நாள்கூட மேயராக இருந்ததில்லை. கவுன்சிலராகவும் இருந்ததில்லை. தெருச் சங்கத்துக்குப் பொருளாளராக இருங்கள் என்று ஒரு முறை கேட்டதற்கே, எனக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டவர் அவர். மேயராக இருந்தவர் அவருடைய மனைவி.

குற்றம் பாஷையில் இருக்கிறது. டாக்டருக்குப் படித்த பெண்ணும் டாக்டரம்மாதான், டாக்டரைக் கட்டிக்கொண்ட பெண்ணும் டாக்டரம்மாதான். எந்த அம்மா எந்த வகை என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை. இவர் மனைவி மேயரானதும் ஊர் மேயரம்மா என்றது. சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த யோசனை வந்துவிட்டது. அம்மா என்று ஒருவர் இருந்தால் ஐயா என்று ஒருவர் இருந்தாக வேண்டுமே? தேடிப் போனார்கள். ஐயா, கை முழுக்க வார்னிஷோடு, கருகிப்போன ஒரு தண்ணீர் மோட்டாரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். "மேயரய்யா, வணக்கம்" என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று.

மீசை முளைக்கும் முன்பே ஒரு பட்டறையில் சேர்ந்தவர் அவர். எரிந்த மோட்டாரைப் பிரிப்பது, பழைய செம்புக் கம்பியை உருவி எடுப்பது, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு புதுக் கம்பியைச் சுற்றுவது, காகிதம் வைத்துச் செருகுவது, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பது. அவ்வளவுதான் அவர் கற்ற வித்தை. சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கடுப்பாக இருக்கும். ஆகவே வேலை நேரத்தில் அவர் பேசமாட்டார். பேசாத மனிதர் என்றால் ஆழமான மனிதர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். தையல் இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசிக் குரல் கணீரென்று ஆகியிருந்தது. பெண்களுக்குத் தண்ணீர் குடிக்கப் போகக்கூட நேரம் தராத முதலாளியிடம் அந்தக் குரலில் கேட்டுக் கேட்டு, வேலை போனதுதான் மிச்சம். ஆனால் தெருவில் பெயர் வந்தது. வார்டுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றார், ஜெயித்தார். மேயர் பதவிக்கு இரண்டு பெரிய மனிதர்கள் முட்டிக்கொண்டார்கள். அவன் வரக் கூடாது என்று இவனும், இவன் வரக் கூடாது என்று அவனும் பிடிவாதமாக நின்றதில், யார் பக்கமும் சேராதவராகவும் யாருக்கும் பயமில்லாதவராகவும் தெரிந்த இந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் பொம்மை மாதிரி இருப்பார் என்று இருவருமே கணக்குப் போட்டார்கள். அம்மா அந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டார்.

பொம்மை பேசினால் ஊர் என்ன நினைக்கும்? பின்னால் இருந்து யாரோ கயிறு இழுக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். கயிறு இழுக்கத் தோதான ஆள் காயில் கடையில் இருந்தார், கையில் கம்பியோடு.

அன்றிலிருந்து கடைக்கு மனுக்கள் வர ஆரம்பித்தன. "ஐயா, அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார்கள். "நான் சொன்னா அவங்க கேக்கமாட்டாங்க" என்பார் இவர். அது நூற்றுக்கு நூறு உண்மை. வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்த ஒரு கொடி கட்டச் சொல்லி அவர் கேட்டதைக்கூட அம்மா காதில் வாங்கியதில்லை. ஆனால் வந்தவர்கள் சிரித்தார்கள். "உங்க தன்னடக்கம் யாருக்கு வரும் ஐயா" என்றார்கள். இவர் இன்னும் அழுத்தி மறுத்தார். மறுக்க மறுக்க மரியாதை கூடியது. தெரியாது என்றால் தெரிந்தும் காட்டிக்கொள்ளாதவர். கோபப்பட்டால் கண்டிப்பானவர். வாயை மூடிக்கொண்டால் முடிவு எடுத்துவிட்டார், சொல்லமாட்டார். என்ன செய்தாலும் கிடைப்பது ஒரே பட்டம். மனிதருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் அதைவிட மோசம். ஒரு நாள் அம்மா கேட்டார், "கடைக்கு வர்றவங்ககிட்ட என்னதான் சொல்றீங்க?"

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்றேன்."

"சொல்லிட்டு?"

"நன்றி ஐயான்னு சொல்லிட்டுப் போறாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

"இருக்கட்டும் இருக்கட்டும்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது, மரியாதையா நன்றி சொல்ற மனுஷன்கிட்ட?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "செய்யாத வேலைக்கு நன்றி சொன்னா, இருக்கட்டும்னு சொல்றதும் வாங்கிக்கிறதும் ஒண்ணுதான்" என்றார். இவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம், அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான். மேயரய்யா என்று யாராவது கூப்பிடும்போது அடிவயிற்றில் எங்கேயோ இனிக்கத்தான் செய்தது. அதை அவர் தன்னிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

அம்மா அந்தப் பதவியில் செய்த பெரிய காரியம் மழைநீர் வடிகால். மழை வந்தால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேட்டுத் தெருக்களிலேயே முழங்கால் வரை நிற்கும் ஊர் அது. வடிகால் மேல் வீடுகளும் கடைகளும் படி கட்டியிருந்தன, திண்டு போட்டிருந்தன, சிலர் அறையே கட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார் அம்மா. காயில் கடையின் முன்பகுதியும் அதில் வந்தது.

இவர் சும்மா இருக்கவில்லை. கத்தினார். வீட்டில் பேச்சை நிறுத்தினார், மகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொண்டார். போதாது என்று எதிர்க்கட்சித் தலைவரிடமே போய், கடையை இடிக்கக் கூடாது என்று மனு கொடுத்தார். எதிர்க்கட்சித் தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது என்பார்கள். இடிக்கும் இயந்திரம் வந்த அன்று கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மேயரம்மா நேரில் வந்தார். வாசலில் நின்று, கணீரென்று, "கடைக்காரரை வெளியே வரச் சொல்லுங்க" என்றார். என்னங்க என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லவில்லை, கடைக்காரர். அந்த வார்த்தையில்தான் இவர் உடைந்துபோனார். எழுந்து வெளியே வந்துவிட்டார். கடையின் முன்பகுதி அவர் கண்ணெதிரே விழுந்தது.

அடுத்த மழைக்கு மேட்டுத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. தண்ணீர் புகுந்து எரியும் மோட்டார்களும் குறைந்தன, இவருக்கு வேலையும் குறைந்தது. அதற்கும் அவர் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். இந்த மனிதர் எந்த வகையிலும் தியாகி இல்லை என்பதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

வடிகால் பாதிதான் முடிந்தது. மேட்டுத் தெருக்கள் முடிந்து, பள்ளத்தில் இருக்கும் கீழ்க் குடியிருப்புக்குப் போகும் முன் அம்மாவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்து வந்தவர்கள் அதைத் தொடவில்லை. விளைவு என்னவென்றால், மேட்டுத் தண்ணீர் முழுவதும் இப்போது ஒழுங்காக ஓடிவந்து கீழ்க் குடியிருப்பில் கொட்டுகிறது. முன்பு பாதம் நனைந்த வீடுகளில் இப்போது கட்டில் மிதக்கிறது. அம்மாவுக்கு இது நெஞ்சில் முள். மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார். முன்னாள் மேயர் என்றால் நாற்காலி போடுவார்கள், தண்ணீர் தருவார்கள், பார்க்கலாம்மா என்பார்கள். மன்றத்துக்குள் பேச அவருக்கு உரிமை கிடையாது. உறுப்பினர் அல்லாதவர் சொன்னது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

இப்படி வருஷங்கள் ஓடியபிறகுதான், தற்போதைய மேயர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வயதில் இளையவர், சட்டை கசங்காமல் உட்காரத் தெரிந்தவர். அம்மா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேயர் தன் முகத்தைக் காயில்காரர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, முன்னாள் மேயர்களோட பொதுச் சேவையைப் பாராட்டி மன்றத்துலயே ஒரு தீர்மானம் போடலாம்னு இருக்கோம். முதல்ல நம்ம அம்மாவுக்குத்தான். நீங்க சம்மதிக்கணும்."

"தம்பி, நான் இங்க இருக்கேன்" என்றார் அம்மா.

"ஐயோ, உங்களுக்குத்தானேம்மா பாராட்டே" என்றார் இளைய மேயர், மறுபடியும் ஐயாவைப் பார்த்து.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏற்புரை உண்டா?"

"தாராளமா. வழக்கமான கூட்டம் தொடங்குறதுக்கு முன்னால நேரம் ஒதுக்கியிருக்கோம். பேசுங்க."

"மன்றத்துக்குள்ள பேசுறது குறிப்புல ஏறுமில்ல?"

"ஏறும்மா, எல்லாமே ஏறும்."

அவர் போனபிறகு அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பாராட்டுக்கு மயங்குகிறவர் இல்லை அவர். "கீழ்க் குடியிருப்பு விஷயத்தை அங்க வச்சு சொல்லப் போறேன்" என்றார். "குறிப்புல ஏறிட்டா அடுத்த கூட்டத்துல பதில் சொல்லியே ஆகணும். இந்த ஒரு வழிதான் இருக்கு. இன்னொரு தடவை என்னைக் கூப்பிடமாட்டாங்க."

"நல்லா சொல்லு" என்றார் இவர்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க மேடைக்கு வரக் கூடாது. பார்வையாளர் வரிசையில உக்காருங்க. யார் கூப்பிட்டாலும் வராதீங்க. ஒரு நாளாவது அது என்னோடதா இருக்கட்டும்."

இவர் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார். மனதாரத்தான் ஆட்டினார். இத்தனை வருஷம் அவளுடைய பெயரைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்கிற குறுகுறுப்பு அவருக்கும் இருந்தது. இந்த ஒரு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வேகமே வந்துவிட்டது. வேகம் வந்ததுதான் வினை.

அந்த வேகத்தில், விழாவுக்கு முன்பே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு அலுவலக மேலாளருக்கு. சுத்தத் தமிழில் சுற்றி வளைத்து எழுதுவதில் அவருக்கு ஒரு ஆனந்தம் உண்டு. இவரைக் கண்டதும் எழுந்து நின்று, எழுதியதை வாசித்துக் காட்டினார். "தம் அன்புக் கணவரின் வழிகாட்டுதலில் நகராண்ட நற்றாயே" என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரியை எடுத்துடுங்க சார்" என்றார் காயில்காரர். "நான் எந்த வழியையும் காட்டல. எனக்கு வழியே தெரியாது."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்தக் காலத்துல யாருங்க ஐயா தன் பேரை எடுக்கச் சொல்லுவாங்க?"

"சார், இது தன்னடக்கம் இல்ல. நிஜமாவே நான் ஒண்ணும் பண்ணல."

"புரியுது ஐயா, புரியுது. நான் பாத்துக்கறேன்."

இவர் நிம்மதியாகத் திரும்பினார். மேலாளர் பார்த்துக்கொண்ட லட்சணம் விழா அன்று தெரிந்தது.

மன்ற அரங்கம் அரை வட்டமாக இருக்கும். உறுப்பினர்களின் மேசைகளில் சின்னச் சின்ன ஒலிவாங்கிகள். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பேசலாம். விளக்கின் பொத்தான் மேயரின் மேசையில் இருக்கிறது. பின்னால் இரும்புக் கம்பித் தடுப்புக்கு அப்பால் பார்வையாளர்கள். காயில்காரர் அங்கே கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தார். தலைக்கு மேல் மின்விசிறி கரகரவென்றது. பேரிங் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததால் அந்தச் சத்தம் இன்னும் எரிச்சலாக இருந்தது. முன்னால் மேயரின் பக்கத்து நாற்காலியில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் தாள் இல்லை. சொல்ல வேண்டியது மனதில் இருந்தது.

மேலாளர் வாழ்த்துமடல் வாசித்தார். வழிகாட்டுதல் வரி இல்லை. அப்பாடா என்று இவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி வந்தது. "மடலில் தம் பெயர் இடம்பெறலாகாது என நேரில் வந்து மன்றாடிய பெருந்தகையாம் அன்னாரின் கணவரை இம்மன்றம் தலைவணங்கிப் போற்றுகிறது." அரங்கம் கை தட்டியது. இவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். அம்மா திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை வந்து சேர்ந்தது.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அம்மாவைப் பற்றி ஒரு வாக்கியம், ஐயாவைப் பற்றி நான்கு. அம்மா தைரியமானவர், அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் ஐயா. அம்மா ராத்திரி பகல் பாராமல் உழைத்தார், உழைக்க அனுமதித்தவர் ஐயா. ஐயாவே சமையலறைக்குள் நின்று சமைத்துப் போட்டாராமே, அடேயப்பா. கடைசியாக ஒரு கவுன்சிலர் எழுந்து, "வடிகாலுக்காக முதல் ஆளா தன் சொந்தக் கடையையே இடிக்கக் கொடுத்த தியாகி" என்றார். "அவருக்கு வேலை குறையும்னு தெரிஞ்சும் கொடுத்தார். இந்த வடிகால் யாரோடது? சொல்லுங்க, யாரோடது?"

காயில்காரருக்கு உடம்பு பற்றி எரிந்தது. செய்யாததைச் செய்ததாகச் சொன்னால்கூடப் போகிறது. மறித்து நின்றதைக் கொடுத்ததாகச் சொல்கிறார்களே. அன்று அவள் தனியாக அந்த வாசலில் நின்றாள். பெற்ற மகள்கூட அப்பா பக்கம்தான் பேசினாள். ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த ஒரு நாள் அவள் பட்ட பாட்டையும் எடுத்து இவர் தலையில் கிரீடமாக வைக்கிறார்களே.

"ஐயா மேடைக்கு வரணும்" என்றார் இளைய மேயர்.

இவர் தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று. கை தட்டினார்கள். இரண்டு ஊழியர்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்தார்கள். "வேண்டாம், விடுங்க, நான் வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். "எவ்வளவு கூச்சம் பாருங்க" என்றது ஒரு குரல். தடுப்பைத் தாண்டி, மேசைகளைத் தாண்டி, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கேடயத்தில் ஒரு முனையை அம்மாவிடமும் மறுமுனையை இவரிடமும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அம்மா கேடயத்தைப் பார்த்தாரே தவிர இவரைப் பார்க்கவில்லை.

"ஐயா ரெண்டு வார்த்தை" என்று ஒலிவாங்கியை இவர் வாய்க்கு நேரே வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

இங்கேதான் அவர் பேசாமல் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் மனதில் ஒரு எண்ணம். இதுதான் சமயம். இத்தனை வருஷப் பொய்யை, ஊர் முழுக்கக் கேட்கும்படி, குறிப்பில் ஏறும்படி, ஒரேயடியாக உடைத்துப் போடலாம். இதைவிட அவளுக்கு என்ன செய்துவிட முடியும்?

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூட உண்மை இல்ல" என்று ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது. "சிரிக்காதீங்க. எனக்கு அரசியல் தெரியாது. மோட்டார்தான் தெரியும். அவங்க எடுத்த ஒரு முடிவுலயும் நான் இல்ல." கை தட்டினார்கள். "கடையை நான் கொடுக்கல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். இவங்களுக்கு எதிரா மனுவே கொடுத்திருக்கேன்." பெரிய சிரிப்பு. நகைச்சுவையாகப் பேசுகிறாராம். பழைய எதிர்க்கட்சித் தலைவர், வயதாகிப்போய் முன்வரிசையில் இருந்தார். "நீங்களே சொல்லுங்க, கொடுத்தேனா இல்லையா?" என்று அவரையே கேட்டார் இவர். அவர் பொக்கை வாயைத் திறந்து, "கொடுத்தார், கொடுத்தார், எங்க பலத்தை வேவு பாக்க வந்தார்" என்றார். அரங்கம் மேசையைத் தட்டியது.

இவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. விடமாட்டேன் என்று நின்றார். முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். யார் மனு கொண்டுவந்தார்கள், தான் என்ன பதில் சொன்னார், அவள் எப்படித் தனியாக அலைந்தாள், தான் எப்படி உம்மென்று இருந்தார், வெளியில் எங்கே சாப்பிட்டார், எல்லாம். ஒரு சுற்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து எண்ணுகிற மனிதர். நடுவில் யாராவது சிரித்தால், "இருங்க, விட்ட இடத்துலேருந்து சொல்றேன்" என்று மறுபடியும் பின்னால் போனார். அம்மா அவர் கையைத் தொட்டார். போதும் என்று சொல்லத்தான் தொட்டார். இவர் அதை, நல்லா சொல்லுங்க என்று எடுத்துக்கொண்டார். குரலை இன்னும் உயர்த்தினார். தொண்டை கட்டிக்கொள்ளும் வரை பேசிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான். எல்லாம் இவங்கதான்" என்று முடித்தார்.

எழுந்து நின்று கை தட்டினார்கள். இளைய மேயர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாநகராட்சி ஆணையர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"அம்மா சார்பா ஐயாவே அருமையான ஏற்புரை வழங்கிட்டாங்க. நமக்கு ஒதுக்கின நேரமும் முடிஞ்சுபோச்சு. வழக்கமான கூட்டம் இருக்கறதால பாராட்டு நிகழ்ச்சியை இதோட நிறைவு செய்றோம்."

அம்மா எழுந்தார். "நான் பேசணும்" என்றார். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. "கீழ்க் குடியிருப்பு பத்தி ஒரு விஷயம்" என்றார், கணீரென்றுதான் சொன்னார். ஆனால் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். "தனியா ஒரு நாள் வாங்கம்மா, பேசலாம்" என்று இளைய மேயர் கும்பிட்டார். ஊழியர்கள் வழி காட்டினார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியேற வேண்டும்.

காயில்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. பேசிய அத்தனையிலும் கீழ்க் குடியிருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் மேலாளர் ஓடிவந்தார். "ஐயா, உங்க ஏற்புரை ஒரு எழுத்து விடாம குறிப்புல ஏறிடுச்சு. சாத்து சாத்துன்னு சாத்திட்டீங்க." படிக்கட்டில் இறங்கும் வரை ஆட்கள் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இந்த மாதிரி மனம் விட்டுப் பேசுகிற தலைவர் இப்போது எங்கே என்றார் ஒருவர். இவர் வாயே திறக்கவில்லை. திறக்காததும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அம்மா கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாருக்காகவும் நிற்காமல், தெருவில் இறங்கி நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார். வானம் மூடிக்கொண்டு வந்தது. கடைக்காரர்கள் வெளியே வைத்த சாமான்களை அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை எடுத்துட்டு வர்றேன், நில்லு" என்றார்.

"நான் கீழ்க் குடியிருப்புக்குப் போறேன். இன்னைக்கு மன்றத்துல சொல்றேன்னு அங்க சொல்லி வச்சிருந்தேன். சொல்லலன்னு நானே போய் சொல்லணும்."

"நானும் வர்றேன். என்னாலதான் ஆச்சுன்னு சொல்லிடறேன்."

"நீங்க வந்தா உங்களுக்கு நாற்காலி போடுவாங்க" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

இவருக்கு அழுகை வரும்போல இருந்தது. நடுத்தெருவில் அம்மா முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நான் வேணும்னு பண்ணலம்மா. என் பேரை எடுத்துட்டு உன் பேரை வைக்கணும்னுதான் பார்த்தேன். அத்தனையும் உனக்காகத்தான் பேசினேன்."

"தெரியும்" என்றார் அம்மா. "எனக்காக நீங்கதான் பேசுறீங்கன்னுதானே ஊரே இத்தனை வருஷமா சொல்லுது."